ஆணியில் காணப்பட்ட பெல்ட்

அலுவலகத்தில் அவளுக்கு ஓட்டை அக்கா என்று பெயர். வைத்தவர் பக்கத்து மேசைக் கணக்குக்காரர், எதிரெதிரே ரயில் விடும் கேள்விகளை எழுதுகிறவர். யார் எதைச் சொன்னாலும் அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று வைத்தார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அவளுடைய பிழைப்பே அதுதான்.

நுழைவுத் தேர்வுகளுக்குக் கேள்வித்தாள் தயாரித்துக் கொடுக்கும் நிறுவனம் அது. நான்காவது மாடி, திறக்காத ஜன்னல்கள், வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொள்ளும் காவலாளி. அவளுடைய பகுதி தர்க்கம். அதிலும் ஒரே வகைக் கேள்வி. நாலைந்து வரியில் ஒரு வாதம் இருக்கும். அதன் கீழே ஒரு வரி: ‘கீழ்க்காண்பவற்றுள் எது உண்மையானால், மேற்கண்ட வாதத்தை மிகவும் பலவீனப்படுத்தும்?’ அப்புறம் ஐந்து விடைகள். பதினோரு வருடமாக இதையே எழுதிக்கொண்டிருந்தாள்.

ஓர் உணவகத்துக்குப் புது மேலாளர் வந்தார். வந்த மாதமே கூட்டம் இரண்டு மடங்கானது. ஆகவே கூட்டத்துக்குக் காரணம் மேலாளர்தான். இது வாதம். இதில் மேலாளர் நல்லவரா என்று ஆராயக் கூடாது. கூட்டம் நிஜமாகவே கூடியதா என்று சந்தேகப்படவும் கூடாது. சொன்னதை அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டு, அதற்கும் முடிவுக்கும் நடுவில் உள்ள சந்தில் விரலை விட வேண்டும். அதே மாதம் எதிர்க் கடை மூடப்பட்டது என்ற ஒரு விடை போதும், வாதம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

அவளுடைய கேள்விகளுக்கு முதலில் விடை சொல்லிப் பார்த்தது அவள் கணவர். கேள்விகளை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதால் பழைய தாள்களில் வந்தவற்றையும் மனதில் அப்போதுதான் முளைத்தவற்றையும் சொல்வாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் வந்து நகக்கண்ணில் உள்ள கிரீஸைத் தேய்த்துக்கொண்டே கேட்பார். ஒன்றுகூடச் சரியாகச் சொன்னதில்லை.

“அந்த ஆளு புளுகறான்” என்பார்.

“புளுகறான்னு ஒரு விடையே கிடையாது. சொன்னதை உண்மைன்னு வெச்சுக்கணும்.”

“ஏன் வெச்சுக்கணும்?”

“விதி அப்படி.”

“யாரு போட்ட விதி, வாத்தியாரம்மா? எங்க வேலையில யாராவது கரண்ட்டை ஆஃப் பண்ணிட்டேன்னு சொன்னா, உண்மைன்னு வெச்சுக்கிட்டா தொடுவோம்? டெஸ்டர் வெச்சுப் பார்ப்போம்.”

உள்ளேயிருந்து நாத்தனார் சிரிப்பார். கணவருடைய அக்கா, தனி ஆள், அவர்களோடுதான் இருந்தார். “ரெண்டும் ஜாடிக்கேத்த மூடி” என்பார். “ஒண்ணு ஓட்டை தேடும், இன்னொண்ணு டெஸ்டரோட திரியும்.”

அப்படிப்பட்ட மனிதர்தான், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, ஒன்பது மாடிக் கட்டிடம் ஒன்றின் லிஃப்ட் குழியில் ஆறாவது மாடி உயரத்திலிருந்து விழுந்து இறந்தார்.

ஐந்து வாரம் கழித்து அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் அறிக்கை வந்தது. மூன்று பக்கம். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டார்கள், அதில் சண்டை ஒன்றும் இல்லை. இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பத்தியில் இப்படி இருந்தது: ‘இறந்தவருக்கு வழங்கப்பட்ட பதினான்காம் எண் பாதுகாப்பு பெல்ட், மேல்மாடி மிஷின் அறையின் ஆணியில் மாட்டப்பட்ட நிலையில் காணப்பட்டது. ஆகவே அவர் பெல்ட் அணியாமல் குழிக்குள் இறங்கியுள்ளார். விபத்துக்குக் காரணம் அவருடைய சொந்தக் கவனக்குறைவு.’

நாத்தனார் அதைக் கண்ணாடி போட்டுப் படித்தார். மடித்தார். “அவசரக்குடுக்கை” என்றார். “சின்ன வயசுலயே அப்படித்தான். செருப்புப் போடாம ஓடுவான். கொஞ்சம் நிதானமா இருந்திருந்தா இன்னிக்கு இங்க உக்காந்திருப்பான்.” அன்றிலிருந்து அந்தப் பேச்சு வீட்டில் ஓயவில்லை. விசாரிக்க வருகிறவர்களிடமெல்லாம் அதே பேச்சு. அழுதுகொண்டுதான் சொன்னார். இறந்தவன் மேல் கோபப்படுவதற்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது, அதைப் பிடித்துக்கொண்டார்.

படுக்கப்போகுமுன் காஸ் அடுப்பின் குமிழைத் திருகிவிட்டு, பாதி வழியில் திரும்பி வந்து இன்னொரு முறை திருகிப் பார்க்கிற மனிதர் அவள் கணவர். கவனக்குறைவு என்ற சொல்லை அவளால் விழுங்க முடியவில்லை. அந்தச் சொல் அந்தத் தாளிலிருந்து போக வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அறிக்கையை அவள் கேள்வியைப் படிப்பதுபோலவே படித்தாள். பெல்ட் ஆணியில் இருந்தது, சரி. அதைத் தொடக் கூடாது, அது கொடுக்கப்பட்ட செய்தி. ஆனால் ‘காணப்பட்டது’ என்கிறார்களே, எத்தனை மணிக்கு? முதல் பக்கத்தில் இருந்தது: பன்னிரண்டு நாற்பது. விழுந்தது பதினொன்று பத்து. நடுவில் ஒன்றரை மணி நேரம். காணப்பட்டபோது ஆணியில் இருந்தது, விழுந்தபோதும் ஆணியில்தான் இருந்தது என்று யார் சொன்னது? சந்து அங்கேதான் இருந்தது. கல்லூரி முதல் வருடப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

அரசாங்க அலுவலகத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீண்ட மேசை, சுவரில் நின்றுபோன கடிகாரம். விசாரணை அதிகாரி மெலிந்த மனிதர், பொறுமைசாலி. மேசைமேல் பாலிதீன் பையில் பதினான்காம் எண் பெல்ட் இருந்தது.

கணவரோடு அன்று வேலை பார்த்த கூட்டாளியும் வந்திருந்தார். இருவரும் பதினைந்து வருட ஜோடி. ஆள் நல்ல உயரம், அதற்கேற்ற கனம். கணவர் அவரைத் தூண் என்றுதான் கூப்பிடுவார். ‘தூண் இன்னிக்கு லீவு, கட்டிடம் ஆடுது’ என்று சொல்லிச் சிரிப்பார். அந்தத் தூண் அன்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“நீங்க அப்ப எங்க இருந்தீங்க?” என்று அதிகாரி கேட்டார்.

“மேல மிஷின் ரூம்ல.”

“அவர் பெல்ட் போட்டிருந்தாரா?”

தூண் தன் கைகளைப் பார்த்தார். “நான் கவனிக்கல சார்.”

அவள் பெல்ட்டைக் கேட்டு வாங்கினாள். பையோடு திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “சார், என் வீட்டுக்காரர் ஒல்லி. இந்த பெல்ட்டுல இருக்கிற கடைசித் துளைகூட அவருக்குப் பத்தாது. ஸ்க்ரூ டிரைவரை அடுப்புல பழுக்கக் காய்ச்சி வீட்டுலயே ஒரு துளை போட்டாரு. நாத்தம் தாங்கலேன்னு எங்க அக்கா திட்டினாங்க. இதோ அந்தத் துளை. ஆனா பாருங்க, கொக்கி இப்ப மாட்டியிருக்கிறது முதல் துளையில. ரெண்டு பேரை ஒண்ணாக் கட்டினா மாட்டற துளை. அவருக்கு அப்புறம் யாரோ பெரிய ஆளு இதைப் போட்டிருக்காங்க.”

தூண் தலையை நிமிர்த்தவில்லை.

அதிகாரி பையை வாங்கிப் பார்த்தார். மரியாதையாகவே பேசினார். “அம்மா, ஆணியிலருந்து எடுத்தவர் ஒருத்தர். கொண்டுவந்தவர் ஒருத்தர். எண்ணைச் சரிபார்த்தவர் ஒருத்தர். பையில போட்டவர் ஒருத்தர். இதுல யாராவது கொக்கியை மாத்தி மாட்டியிருக்கலாம் இல்லையா?”

அவர் சொன்னது சரியான விடை. ஒரு விளைவுக்கு வேறொரு காரணம் காட்டினால் வாதம் பலவீனப்படும் என்று எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்தவள் அவள். அவளுடைய கத்தியை வாங்கி அவளையே வெட்டினார், அதுவும் ரத்தம் வராமல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூண் வீட்டுக்கு வந்தார். நாத்தனார் கடைக்குப் போயிருந்த நேரம். உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்று பேசினார்.

“அண்ணி, என் பெல்ட்டுக் கொக்கி உடைஞ்சு ஸ்டோர்ல குடுத்து மூணு வாரம் ஆச்சு. புதுசு வரல. அதனால அவன் பெல்ட்டையே ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்குவோம், யாரு உள்ள போறமோ அவங்க. அன்னிக்கு மத்தியானத்துக்குள்ள லிஃப்ட் ஓடணும்னு சூப்பர்வைசர் குதிச்சாரு. ரெண்டு பேரும் ஒண்ணா இறங்க வேண்டியதாப் போச்சு. பெல்ட்டு உன்னுது, நீ போடுடான்னு நான் சொன்னேன். அவன் சிரிக்கிறான். நீ விழுந்தா குழி தாங்காது, நீயே போட்டுக்கன்னான்.”

“பெல்ட் இல்லாமலா அவர் இறங்கினாரு?” என்றாள் அவள்.

“அப்புறம் சூப்பர்வைசர் வந்தாரு. முதல் வேலையா, பெல்ட்டைக் கழட்டி ஆணியில மாட்டுன்னாரு. மாட்டினேன். ஒரு தாள்ல கையெழுத்து வாங்கினாரு. போட்டேன்.”

“இதை அங்க சொல்லியிருக்கலாமே.”

“வேலை போயிடும் அண்ணி. வீடு கம்பெனி வீடு. மக நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறா. மூணு மாசந்தான். அவ பரீட்சை முடியட்டும். நானே என் கையால எழுதிக் கொண்டுவந்து குடுக்கறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. சொன்னா நான் இல்லேன்னுதான் சொல்லணும்.”

அவர் போனபிறகு நாத்தனார் பையோடு வந்தார். “யாரு வந்துட்டுப் போனது? வாசல்ல பெரிய செருப்புத் தடம்.”

“தெரிஞ்சவர்தான்க்கா.”

அவள் சொல்லவில்லை. கையில் ஒன்றும் இல்லை. தூண் சொன்னது உண்மையானால் வாதம் உடைந்துவிடும். கேள்வித்தாளில் அந்த ‘ஆனால்’ இலவசமாகக் கிடைக்கிறது. வெளியே அதற்கு ஒரு சாட்சி வேண்டும், அந்தச் சாட்சியோ மூன்று மாதத் தவணை சொல்லிவிட்டுப் போயிருந்தது.

பத்து நாளில் தீர்ப்பு வந்தது. சொந்தக் கவனக்குறைவு. மேல்முறையீடு செய்யத் தொண்ணூறு நாள்.

அந்தச் சமயம் அலுவலகம் அல்லோலகல்லோலப்பட்டது. அந்த வருடத் தாளில் ஒரு கேள்வி கசிந்துவிட்டதென்று எடுத்துவிட்டார்கள். அவசரமாக மாற்று வேண்டும். பிரிவுத் தலைவர் அவள் மேசைக்கு வந்து, “முடியுமா? முடியலேன்னா வேற யாரையாவது” என்று இழுத்தார். அவள் முடியும் என்றாள். அரை மணியில் எழுதிக் கொடுத்தாள். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. லிஃப்ட்டை மட்டும் மாற்றினாள். உயரத்தில் விளம்பரப் பலகை எழுதும் இரண்டு ஓவியர்கள். ஒருவர் விழுந்து இறக்கிறார். அவருடைய பெல்ட் பிற்பாடு ஆணியில் காணப்படுகிறது. ஆகவே அவர் கவனக்குறைவானவர். எது உண்மையானால் இந்த வாதம் மிகவும் பலவீனப்படும்? விடை, இ: ‘அவர் விழுந்த நேரத்தில் அந்த பெல்ட்டை உடன் வேலை பார்த்தவர் அணிந்திருந்தார்.’

தூணின் மகள் எழுதப்போகும் தேர்வு அதுதான் என்று அவளுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தாள்.

பிரிவுத் தலைவர் இரண்டு முறை படித்தார். “நல்லா இருக்கு. சுத்தமா இருக்கு. ஆனா இவர் செத்துப்போறாரே.”

“ஆமா.”

“நம்ம நெறிமுறையில சாவு கிடையாதே. பரீட்சை ஹால்ல பசங்க மனசு கலங்கிடும். கால் முறிஞ்சுதுன்னு போட்டுடலாமா?” சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. காது சிவந்துவிட்டது. “தப்பா எடுத்துக்காதீங்க.”

“இல்ல சார். விதி அப்படி” என்றாள் அவள்.

பேனாவை எடுத்து ‘இறந்தார்’ என்பதை அடித்து ‘கால் முறிந்தது’ என்று எழுதினாள். கேள்வித்தாளில் அவர் பிழைத்துக்கொண்டார்.

நானூறு மாணவர்களுக்கு முன்னோட்டமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கெட்டிக்காரர்கள் அத்தனை பேரும் இ போட்டிருந்தார்கள். தடுமாறியவர்களில் பலர் ஈ போட்டிருந்தார்கள்: ‘விழுந்தவர் இதற்கு முன் ஒருபோதும் பெல்ட் அணிய மறந்ததில்லை.’ அது அவள் வேண்டுமென்றே வைத்த பொறி. பழைய பழக்கம் அன்றைக்கு என்ன நடந்தது என்பதைக் காட்டாது, ஆகவே பலவீனமான விடை. ஆனால் அன்று அதிகாரியிடம் அவள் கத்திச் சொல்ல நினைத்ததெல்லாம் அந்த ‘ஈ’தான். வருடத்தின் சிறந்த கேள்வி என்று பிரிவுத் தலைவர் குறிப்பு எழுதினார். கணக்குக்காரர் மட்டும் அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க அவளை ஓட்டை அக்கா என்று கூப்பிடவில்லை.

எண்பதாவது நாள் தேர்வு நடந்தது. எண்பத்திரண்டாவது நாள் தூண் வந்தார். கையில் காகிதம் எதுவும் இல்லை. சட்டைப் பையையும் அவள் பார்த்தாள், சீப்பு மட்டும் எட்டிப் பார்த்தது.

இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தார். நாத்தனார் சமையலறையில் இருந்தார்.

“மக நல்லா எழுதியிருக்கா அண்ணி.”

“சந்தோஷம்.”

“ஒரு கேள்வி வந்துச்சாம். உயரத்துல போர்டு எழுதற ரெண்டு பேரு. ஒரே பெல்ட்டு.” குரலைத் தாழ்த்தினார். “நீங்க எழுதினதா?”

“அதைப் பத்தி நான் பேசக் கூடாது. கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

அவர் தலையாட்டினார். கையெழுத்தைப் பற்றி அவருக்குத் தெரியாததா.

“நிமிஷத்துல விடை போட்டுட்டாளாம். வீட்டுக்கு வந்து ஒரே சிரிப்பு. இந்தக் கேள்வி எழுதினவங்களுக்கு மண்டையில ஒண்ணுமே இல்லப்பாங்கறா. ஏன்டின்னேன். அந்தாளுக்குக் காலுதானே முறிஞ்சுது, வாய்க்கு என்ன? அவனையே கேட்டா பெல்ட்டு யார்கிட்ட இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போறான், இதுக்கு எதுக்கு அஞ்சு விடைங்கறா.”

பதினோரு வருடம். பிரிவுத் தலைவர் பார்த்தார், சரிபார்ப்பவர்கள் பார்த்தார்கள், நானூறு பேர் எழுதிப் பார்த்தார்கள். இவ்வளவு பெரிய ஓட்டை அவள் கண்ணில் படவில்லை. ‘கால் முறிந்தது’ என்று கை எழுதியதே தவிர, அவரைக் கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கேட்பதற்கு அவர் இல்லாமல் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நானும் சிரிச்சேன்.”

“எழுதிக் கொண்டுவரேன்னு சொன்னீங்களே.”

“ரிசல்ட் வரட்டும் அண்ணி. இன்னும் ஒரு மாசம். சீட்டு கிடைச்சுட்டா அப்புறம்…”

“எட்டு நாள்தான் இருக்கு.”

அவர் தரையைப் பார்த்தார். அப்போது நாத்தனார் தண்ணீரோடு வந்தார். தூணைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பியோடு பதினைந்து வருடம் ஒன்றாகச் சாப்பிட்ட ஆள்.

“குடிப்பா. என்ன பண்றது, போனவன் போயிட்டான். கொஞ்சம் நிதானமா இருந்து அந்த பெல்ட்டை மாட்டிக்கிட்டு இறங்கியிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா, சொல்லு.”

தூண் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார்.

“ஆமாங்கக்கா” என்றார்.

அந்த ஒரு சொல்லில் அவளுக்குள் ஏதோ அறுந்தது. “அக்கா, அன்னிக்கு அந்த பெல்ட்டை இவர் போட்டிருந்தாரு. அவர்தான் இவருக்குக் குடுத்தாரு” என்றாள்.

நாத்தனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்னப்பா சொல்றா இவ?”

தூண் தொண்டையைச் செருமினார். விசாரணை அறையில் வந்த அதே குரல் வந்தது. “நான் கவனிக்கலக்கா.”

“எதைக் கவனிக்கல?”

“அந்த பெல்ட்டு விஷயத்தை.”

நாத்தனார் பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவர். அவர் தூணின் வயிற்றைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். “அவன் போட்டிருந்தானான்னு நீ கவனிக்கலேன்னு சொல்லு, ஒத்துக்கறேன். உன் இடுப்புல பெல்ட்டு இருந்துதா இல்லையான்னு உனக்கே கவனமில்லையா?”

தூண் தண்ணீரைக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்தார். வாசலில் செருப்பைத் தேடிக் கால் தடுமாறியது. “வரேன் அண்ணி” என்றது பாதிதான் கேட்டது.

அவர் தெருமுனை திரும்பும்வரை நாத்தனார் வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து, அவர் உட்கார்ந்த நாற்காலியைச் சுவரோரம் தள்ளினார்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“மூணு மாசமா.”

“மூணு மாசமா நான் என் தம்பியைத் திட்டிக்கிட்டு இருக்கேன். நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்க. ஏன் சொல்லல?”

“கையில ஒண்ணுமில்லக்கா. நிரூபிக்க முடியாது.”

“என்கிட்ட எதுக்கு நிரூபிக்கணும்?” என்று கேட்டார் நாத்தனார்.

அதற்கு அவளிடம் விடை இல்லை. ஐந்தில் ஒன்றுகூட இல்லை.

எட்டு நாளும் போயின. தூண் வரவில்லை, மகளுக்கு இடம் கிடைத்த செய்தி மட்டும் அடுத்த மாதம் வேறொருவர் மூலமாக வந்தது. சொந்தக் கவனக்குறைவு என்ற தாள் அரசாங்க முத்திரையோடு அலமாரியில் இருக்கிறது. விசாரிக்க யாராவது வந்தால் நாத்தனார் இப்போது அழுவதில்லை. “என் தம்பி தன் பெல்ட்டைக் கழட்டி இன்னொருத்தனுக்குக் குடுத்துட்டுச் செத்தான்” என்கிறார்.

வந்தவர்கள் அவளைத்தான் பார்க்கிறார்கள், உண்மையா என்று.